முதல் ஐந்து நிமிடம்

மணி அடித்ததும் "புத்தகத்தை எடு" என்றால், பிள்ளைகளின் மனம் இன்னும் மைதானத்தில்தான் இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தை விளையாட்டுக்குக் கொடுங்கள். "கொக்கு பற பற" என்றால் கை உயர வேண்டும். "மாடு பற பற" என்றால் உயரக் கூடாது. அதையே கணக்குக்கு மாற்றலாம். மூன்றால் வகுபடும் எண்தான் பறக்கும்: 12 பற பற, 17 பற பற! பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பாதியில் நிற்கும் கை, யாருக்கு வாய்பாடு பிடிபடவில்லை என்று ஆசிரியருக்குச் சொல்லிவிடும். அல்லது, நேற்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லச் சொல்லலாம். திரும்பத் திரும்ப வாசித்ததைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொன்னதே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிலைத்தது என்று 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் காட்டினார்கள். ஆசிரியர்களே, தவறு செய்த பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான்.