இரைப்பை வாயிலின் அடைப்பு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கு வயிற்று நோயில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். எம் வகுப்பிற் பயின்ற சிறுமி ஒருத்தியின் பொருட்டே இதனைப் பேசத் துணிந்தோம். அவள் யார் மகள் என்பதை யாம் கூறோம்.

உண்ட சோறு இரைப்பையிற் குழைந்து, அதன் கீழ்வாயில் வழியே சிறுகுடலுக்குட் செல்வது இயற்கை. அவ்வாயில் அடைபடின், காலையில் உண்டது மாலையிற் செரியாமலே வெளிப்படும். அவ்வாந்தியில் பித்தநீரின் மஞ்சளோ பச்சையோ பெரும்பாலும் காணப்படாது. ஆதலின் அதனைப் பித்தமென்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து நாட்கடத்துதல் பெரும்பிழை. முன்னர் இதற்குப் பெரும்பாலும் குடற்புண்ணே காரணமாயிருந்தது. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் அப்புண்ணை விளைக்கும் கிருமியைக் கண்டறிந்த பின் அது மருந்துக்கு அடங்கலாயிற்று. இக்காலத்தில் புற்றுநோயையே முதலில் ஐயுறுவர். இவ்விரண்டும் அல்லாத காரணங்களும் உள.

பித்தப்பையிலுள்ள கல் சுவரை அரித்துக் குடலிற் புகுந்து வழியை அடைப்பதை 1896-இல் பிரான்சு தேசத்து மருத்துவர் பூவரே விளக்கினார். காசநோயால் அவ்விடம் சுருங்குவதும் நம் நாட்டில் உண்டு. கழிவறை கழுவும் அமிலத்தை அருந்திப் பிழைத்தவர்க்குச் சில வாரங்கள் கழித்துத் தழும்பு இறுகி வாயில் குறுகும். பலூன் கொண்டு அதனை விரிப்பர். அஃது இயலாவிடின் சஸ்திர சிகிச்சையால் வேறு வழி அமைப்பர்.

எம் மாணவிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. மூன்று திங்களாக வாந்தி, உடல் துரும்பாயிற்று. வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினர். யாமோ வீட்டுப்பாடத்துக்கு அஞ்சி நடிக்கின்றாளென்று கடிந்தோம்; அதனை நினைத்து இன்றும் வருந்துகின்றோம். பின்னலின் நுனியை அவள் கடித்து விழுங்குதலைப் பன்முறை கண்டும் பொருட்படுத்திலோம். மருத்துவமனையில் உணவை நிறுத்தி, மூக்கின் வழியே குழாயிட்டு இரைப்பையை வடித்து, வாந்தியால் இழந்த நீரையும் உப்புக்களையும் இரத்தக்குழாய் வழியே முதலில் ஏற்றினர். பின்னர் ஸ்கேனிலும் உள்நோக்கும் குழாயிலும் கண்டது, இரைப்பையின் வடிவாகவே திரண்டிருந்த தலைமயிர்! பழநார் திரண்ட உருண்டையைக் கோலாப் பானம் செலுத்திக் கரைப்பதுண்டாம், மயிரோ கரையாது. வயிற்றைத் திறந்தே எடுத்தனர்.

மயிருண்ணும் பழக்கம் மனத்தைப் பற்றியது. அது நீங்காவிடின் உருண்டை மீண்டும் திரளக்கூடும் என்று சொல்லி மனநல மருத்துவரைக் காணுமாறு பணித்தனர். நாளை மணம் பேசுங்கால் நம்மவர் பழிப்பரென்று அஞ்சிப் பெற்றோர் இன்னும் அழைத்துச் சென்றிலர். இச்சபையில் அவ்வாறு பழிப்பார் ஒருவருமிலர் என்று அவர்களிடம் சொல்ல எமக்குத் தாங்கள் அநுமதி தரல் வேண்டும்.