இணைய விளையாட்டில் நேர்மை

இந்த அவையில் அமர்ந்துள்ள மாணவருள் பலர் இணையவழிக் கூட்டு விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்கள். அலுவலருள் பலருக்கு அவை பிள்ளைகளின் வெறும் பொழுதுபோக்கு. ஆயினும், 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டுப் போட்டிகளை இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவை பதக்கத்திற்குரியவை ஆயின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றது. அரசின் ஏற்பைப் பெற்றுவிட்ட ஒரு துறையில் நேர்மையைக் காப்பது பொதுநலன் சார்ந்த கடமையாகிறது.

நேர்மை தவறினால் இழப்பு யாருக்கு என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடைபெற்ற 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' போட்டியில் இந்திய அணி ஒன்று பங்கேற்றது. ஆட்டத்தினிடையே அவ்வணி வீரர் ஒருவரின் கணினியில், குறிபார்ப்பதற்கு உதவும் கள்ள நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அணி முழுவதுமே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பின்னர் கலைக்கவும்பட்டது. தவறிழைத்தவர் ஒருவர், வாய்ப்பை இழந்தவர்கள் ஐவர்.

ஏமாற்று எவ்வாறு நுழைகிறது?

விளையாட்டு முழுவதையும் நிறுவனத்தின் மையக் கணினியே நடத்துவதாயின், ஒவ்வோர் அசைவும் அங்குச் சென்று மீள வேண்டும்; ஆட்டம் தடைப்பட்டுத் தடைப்பட்டு நகரும். இக்காரணத்தால் வேலையின் ஒரு பகுதி ஆட்டக்காரரின் கணினியிடமே ஒப்படைக்கப்படுகிறது. அக்கணினி அவருடைய உடைமை. அதில் எந்த நிரலையும் அவர் இயக்க இயலும். தானே குறிபார்க்கும் நிரலும், சுவருக்கு அப்பால் மறைந்திருக்கும் எதிரியைக் காட்டும் நிரலும் இவ்வழியே நுழைகின்றன.

ஆகவே தடுப்பின் முதல் விதி, ஆட்டக்காரரின் கணினி கூறுவதை அப்படியே நம்பலாகாது என்பதாகும். ஓடும் வேகம், எஞ்சிய தோட்டாக்கள், குண்டு பட்டதா இல்லையா என்பன போன்றவற்றை மையக் கணினியே தீர்மானித்தல் வேண்டும். இரண்டாம் விதி, தேவைக்கு முன் தகவல் தரலாகாது என்பதாகும். மறைந்துள்ள எதிரியின் இடத்தை அனுப்பிவிட்டு, அதனைத் திரையில் காட்டாதிருத்தல், வினாத்தாளை முதல் நாளே மாணவன் வீட்டில் கொடுத்து, உறையைப் பிரிக்காதே எனக் கட்டளையிடுவதை ஒக்கும். 'வேலோரன்ட்' என்னும் விளையாட்டில், எதிரி கண்ணில் படும் நிலையை நெருங்கும் வரையில் அவரது இடம் பெரும்பாலும் அனுப்பப்படுவதில்லை.

எனினும், தானே குறிபார்க்கும் நிரலை இவ்விரு விதிகளும் முழுமையாகத் தடுப்பதில்லை. திறமையான கையின் குறியும் நிரலின் குறியும் மையக் கணினிக்கு ஒன்று போலவே தோன்றும். இதன் பொருட்டே 2002 முதல் 'வால்வ்' நிறுவனமும், 2020 முதல் 'ரயட்' நிறுவனமும் ஆட்டக்காரரின் கணினியையே சோதிக்கும் காவல் நிரல்களை நடைமுறைப்படுத்தின. பின்னதன் நிரல் கணினி இயக்க அமைப்பின் உட்கரு வரை செல்லும் உரிமை பெற்றது. இவையன்றி, ஐயத்திற்குரிய ஆட்டப் பதிவுகளை அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே பார்த்து முடிவு கூறும் முறையை 2013இல் 'வால்வ்' புகுத்தியது.

பொருளியல் நோக்கு

குற்றம் புரிவோர் பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் ஆதாயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர் என்பது கேரி பெக்கர் 1968இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். கட்டணமின்றிக் கிடைக்கும் விளையாட்டில், ஒரு கணக்கு முடக்கப்பட்டால் அடுத்த கணக்கைத் தொடங்கச் செலவு ஏதுமில்லை. அங்கே தண்டனை பெயரளவினதே. கணக்கைத் தொலைபேசி எண்ணுடன் இணைத்தலும், புதியவர்களைத் தரவரிசை ஆட்டங்களில் உடனே சேர்க்காதிருத்தலும் இச்செலவை உயர்த்துகின்றன. கண்டறிந்த உடனே முடக்காமல், பலரைச் சேர்த்து ஒரே நாளில் முடக்குவதும் உண்டு. எந்தச் செயல் தம்மைக் காட்டிக் கொடுத்தது என்பதை நிரல் விற்போர் அறியாதிருக்கவே இந்த ஏற்பாடு.

வாங்குவோரை மட்டும் தண்டித்தால் சந்தை அழியாது. தென் கொரியாவின் சட்டம், இத்தகைய நிரல்களை ஆக்குவோருக்கும் பரப்புவோருக்கும் சிறையோ, அபராதமோ விதிக்க வகை செய்தது.

காவலுக்கும் காவல்

தடுப்பு முயற்சியிலும் ஆபத்து உண்டு. 10 இலட்சம் நேர்மையாளர் ஆடும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் குறிக்கும் நிரலும் அங்கே 1,000 பேரை ஏமாற்றுவோர் ஆக்கிவிடும். இது வெறும் கற்பனையன்று. 2010 ஜூலையில் 'வால்வ்' நிறுவனம் சுமார் 12,000 பேரைத் தவறுதலாக முடக்கியது. பிறகு தடையை நீக்கி, வருத்தம் தெரிவித்து, அவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாக வழங்கியது. 2013இல் அமெரிக்கப் போட்டி நிறுவனம் ஒன்றின் காவல் நிரல், ஆட்டக்காரர்களின் கணினிகளைக் கொண்டு மறைவாக பிட்காயின் ஈட்டியது அம்பலமாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. ஆட்டக்காரருள் கணிசமானோர் இவ்வயதினர். எனவே காவல் நிரல் எதைப் பார்க்கிறது, எவ்வளவு காலம் சேமிக்கிறது என்பதை எளிய மொழியில் முன்னரே அறிவித்தல் வேண்டும். முடக்கப்பட்டவருக்குக் காரணம் கூறுதலும், மேல்முறையீட்டை மனிதர் ஒருவர் குறித்த காலத்துக்குள் விசாரித்தலும் இன்றியமையாதவை. நாட்டின் சார்பில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள், அமைப்பாளரே வழங்கும் கணினிகளில் நடைபெறுதல் நலம்.

சிற்றூர் இளைஞனுக்கும் பெருநகர இளைஞனுக்கும் ஒரே களத்தில் திறமையைக் காட்டும் வாய்ப்பை இவ்விளையாட்டு அளிக்கிறது. அவன் வென்றால் ஐயுறாமல் பாராட்டவும், தோற்றால் அத்தோல்வியை அவன் மனமொப்பி ஏற்கவும் களத்தின் நேர்மையே துணை. ஏமாற்றுவோன் தப்பாதிருத்தல் அதன் ஒரு பாதி. குற்றமற்றவன் அகப்படாதிருத்தல் மறுபாதி. முதற்பாதியை நிறுவனங்கள் தம் வருவாயின் பொருட்டேனும் கவனித்துக்கொள்ளும். மறுபாதியை வலியுறுத்த வேண்டியவர்கள், விதிகளை வகுக்கும் அலுவலர்களும் அவற்றின் கீழ் ஆடப்போகும் மாணவர்களுமே ஆவர்.