உடலுக்குள் செல்லும் தூது
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் கண்டது நம் செகந்திராபாத்தில்தான். அந்நோயின் பகைவன் வெளியிலிருந்து வருபவன். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட முடக்குவாதமோ உட்பகை.

விடியற்காலையில் கோலப்பொடியை விரலிடுக்கில் பிடிக்க இயலாமல், காப்பித் தம்ளரை இரு கையாலும் ஏந்தி, "வயதாகிவிட்டது" என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்ளும் தாய்மார்களை நம் குடியிருப்பிலேயே காண்கிறோம். முப்பது வயதுப் பெண்ணும் அவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம்! முதுமையில் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. எழுந்து ஒரு மணி நேரமாகியும் விறைப்பு நீங்காமல், இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருங்கே வீங்குமாயின் ஐயுறல் வேண்டும்.

நிகழ்வது யாது? நம் வெள்ளணுக்கள் தம்முள் பேசிக்கொள்வதற்குச் சைட்டோகைன்கள் என்னும் நுண்ணிய புரதங்களைத் தூது விடுகின்றன. கிருமி புகுந்தால் படையைத் திரட்டுவது அத்தூது; வேலை முடிந்ததும் அடங்கிவிடும். முடக்குவாதத்திலோ அவ்வணுக்கள் சொந்த மூட்டையே அயலாகக் கருதுகின்றன, தூது ஓய்வதில்லை. டி.என்.எஃப். என்னும் தூதுவன் இன்டர்லூக்கின் 1, 6 ஆகியவற்றையும் எழுப்பிவிடுகிறான். மூட்டின் உட்சவ்வு தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

இத்தனை தூதருள் ஒருவனைத் தடுத்தால் போதுமா? லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மெய்னியும் மார்க் ஃபெல்ட்மனும், டி.என்.எஃபைக் கட்டிப்போடும் மருந்தை 1992இல் லண்டனில் முடக்குவாத நோயாளருக்கு முதன்முறையாகச் செலுத்தினர். சில வாரங்களிலேயே வீக்கம் தணிந்தது! ஆயினும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அரண் எழுப்பி அடக்கி வைப்பதிலும் இதே தூதுவனுக்குப் பங்குண்டு. ஆதலின் காசநோய்ச் சோதனையின்றி அம்மருந்தைத் தொடங்கலாகாது. விலையும் மிகுதி. பெரும்பாலோர்க்கு முதலில் தருவது மெதோட்ரெக்சேட் மாத்திரையே; வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே இடராகும், கருவுற்றோர்க்கும் ஆகாது.

பெயரில்லாப் பொட்டல மருந்தை உண்டு வலி பறந்ததாக மகிழ்வோரும் நம்மிடையே உளர். அத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வலி மறைந்திருக்க, மூட்டு அரிபடுவது தொடரலாம். அரித்த எலும்பு மீளாது. எனவே முதல் சில மாதங்களே பொன்னானவை. பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் இந்நோய்க்கெனத் தனித்துறை உண்டு. தெலுங்கில் எடுத்துரைக்கத் தயங்கி வீட்டிலிருக்கும் தாய்மார்கள், மொழியறிந்த அண்டை வீட்டார் எவரையேனும் உடனழைத்துச் செல்க.