எந்த வாசலைத் தட்டுவது?

(பினாங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



லயத்து வீட்டில் பிறந்த நம் பிள்ளைகள் இன்று சொந்த வீடு வாங்குகிறார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறார்கள். வில்லங்கம் வந்தால் "கோர்ட்டுக்குப் போவேன்" என்கிறார்கள். எந்தக் கோர்ட்டுக்கு? நியாயம் நம் பக்கம் இருந்தாலும், தவறான வாசலில் காத்து நின்றால் தவணை ஓடிவிடும்.

முதலில், விற்றவர் யார் என்று பாருங்கள். உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனமா? சாவி தரத் தாமதமா? சுவரில் வெடிப்பா? 1966-ம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 2002-ல் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். பொதுவாக வக்கீலுக்கு அங்கே இடமில்லை. நமக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை. ஆனால் தவணையை மறவாதீர். சாவி வாங்கிய நாள் முதல் 24 மாதம் பழுதுகளுக்கு நிறுவனமே பொறுப்பு. அந்தக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

அடுத்து, தனி ஆளிடம் வாங்கிய பழைய வீடு. அந்த வழக்கை நடுவர் மன்றம் ஏற்காது. முன்பணத்தை மீட்பதென்றால் 1 லட்சம் வெள்ளி வரை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம், 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஒப்பந்த வழக்குக்குத் தவணை 6 ஆண்டு.

மூன்றாவது, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. அது லைட் தெரு உயர் நீதிமன்றத்துக்குரியது. ஆனால் அதற்கு முன்பே நில அலுவலகத்துக்கு ஓடுங்கள். ஒப்பந்தம் கையில் உள்ளவர் 'கேவியட்' என்னும் தடையைப் பதிந்துவிட்டால், அது நிற்கும் வரை நிலத்தைப் பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. 1965-ம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, பட்டாவில் பெயர் உள்ளவரே உடையவர். மோசடி போன்ற சில காரணங்களாலன்றி அதை அசைக்க இயலாது.

இது ஏட்டுச் சட்டம் என்று எண்ணாதீர். நம் பினாங்கின் கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நம்மவர் மாடு வளர்த்து வாழ்ந்த இடம். நிலம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. உயர் நீதிமன்றத்தில் குடியிருந்தோருக்குச் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 மே மாதத்தில் தள்ளியது. கூட்டரசு நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. எத்தனை காலம் வாழ்ந்தோம் என்பதைப் பட்டா பேசுவதில்லை, தோழர்களே!

கடைசியாக, நாம் உழைக்கும் தோட்டமே விலைபோனால்? அப்போது நம் வாசல் தொழிலாளர் இலாகா. 1980-ம் ஆண்டு விதிகளின்படி, கைமாறிய 7 நாட்களுக்குள் புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலை தர முன்வராவிட்டால் ஈட்டுத்தொகை உண்டு. 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரிந்த கிராணிமார்கள் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். தேதியை முதலில் பாருங்கள். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.