கூரையை வெட்டினால் தலை எங்கே போகும்?

சென்னையில் விம்கோ நகர் என்று சொன்னால் இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பழைய ஆட்களுக்குத் தீப்பெட்டிக் கம்பெனி. என்னைக் கேட்டால் இது வண்டி கட்டிய ஊர்களின் நடுவே இருக்கும் இடம் என்பேன். வடக்கே எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே வருஷம்தான் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் புல்லட் வேலையும் ஆரம்பித்தது. இதெல்லாம் இரும்பு. ஆனால் இரண்டு தெரு தாண்டிக் கடற்கரைக்குப் போனால் ஆட்சி வேறு. அங்கே ஃபைபர். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் போட்தான் கரையேறிக் கிடக்கிறது. அதைப் பழுது பார்க்கிறவர்கள் கண்ணாடி நார் மேட்டை விரித்து, பிரஷ்ஷால் ரெசினைத் தட்டித் தட்டி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கைவேலையை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இன்று பேசப் போவது ஹாட் ராட் பற்றி.

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், பழைய ஃபோர்டு கார்களை வாங்கிக் கூட்டிக் குறைத்து வேகவண்டி ஆக்குவது ஒரு பித்து. அதற்கு ஹாட் ராட் என்று பெயர். 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு என்றால் அவர்களுக்கு உயிர். அசல் இரும்பு பாடி துருப்பிடித்து அரிதாகிவிட்டதால், அதே வடிவத்தில் ஃபைபர் பாடி செய்து விற்கிறார்கள். அழகுக்காக என்ன செய்கிறார்கள் தெரியுமா? தூண்களில் மூன்று நான்கு அங்குலம் அறுத்துக் கூரையைத் தாழ்த்துகிறார்கள். பிறகு பாடியைச் சேஸிஸ் மேல் வைக்காமல், சேஸிஸ் உள்ளே அமுங்கும்படி இறக்குகிறார்கள். அப்போது உள்ளே தரை அத்தனைக்கு அத்தனை மேலே ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சிறுத்தை மாதிரி பதுங்கி நிற்கும். உள்ளே ஏறினால் தலை கூரையில், முட்டி ஸ்டியரிங்கில். ஆறடி ஆள் என்றால் ஓட்டவே முடியாது. கூரையை வெட்டிய அன்றைக்கு யாரும் தலையை அளந்து பார்ப்பதில்லை!

அப்புறம்தான் இடம் தேடுகிறார்கள். முதலில் தோன்றுவது அகலப்படுத்துவது. என் கருத்தில் அது கடைசியாக எடுக்க வேண்டிய வழி. ஓரங்குலம் அகலம் கூடினாலும் முன் கண்ணாடி, டேஷ்போர்டு, கூரை, பானெட் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டும். வெளிக்கோடு மாறினால் அது 1932 ஃபோர்டாகவும் இருக்காது. இடம் பெரும்பாலும் கீழேயும் முன்னேயும் கிடக்கிறது.

கீழே என்றால் தரை. சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே தரையை வெட்டி, கால் வைக்கும் இடத்தை மட்டும் பள்ளமாக இறக்கலாம். புகைக்குழாய் அந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாதம் வேகும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் பெட்டியைக் கழற்றி மெல்லிய ஃபோம் போட்டாலே தலைக்கு இரண்டு அங்குலம் கிடைக்கும். செலவும் குறைவு.

முன்னே என்றால் எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கும் தடுப்பு, ஃபயர்வால். இங்கேதான் ஒரு வேடிக்கை. பழைய ஃபோர்டு வி8 எஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது. பலர் அதை எடுத்துவிட்டுச் செவ்ரோலே வி8 வைக்கிறார்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம். அது இடிக்காமலிருக்க ஃபயர்வாலைக் குடைந்து உள்பக்கம் தள்ளுகிறார்கள். ஓட்டுகிறவனின் கால் இடம் எஞ்சினுக்குப் போய்விடுகிறது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்தால் அந்த அறுவை தேவையே இல்லை.

வெட்டியே ஆக வேண்டுமென்றால் நம் போட் வேலைக்காரர் கையாளும் அதே சங்கதிதான். முதலில் பாடிக்குள் சதுர இரும்புக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் அறுத்தால் ஃபைபர் விரிந்துகொள்ளும், கதவு மறுபடி பொருந்தாது. ஒட்டும் இடத்தை நேராக ஒட்டக் கூடாது. தடிமன் நான்கு மில்லிமீட்டர் என்றால் கிரைண்டரால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சரிவில் மேட் படிந்தால்தான் பிடிக்கும். கையால் போடும்போது ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ ரெசின் போகும். ரெசினை இறுக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு. நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு பங்கே போதும், கூடினால் டப்பாவிலேயே இறுகிவிடும். ஐப்பசி மழையில் மேட் ஈரம் குடித்துவிட்டால் ஒட்டாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் மற்றது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

ஃபைபர் காரில் இடம் கூட்டிய கதை நம் பக்கத்து ஊரிலும் உண்டு. பெங்களூரின் சன்ரைஸ் ஆட்டோமோட்டிவ் கம்பெனி 1982-ல் டால்ஃபின் என்ற காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் அதற்கு மூலம். 848 சிசி எஞ்சின், ஃபைபர் பாடி. எடை குறைவு என்பதால் நம் சோழவரம் பந்தயத்திலெல்லாம் பெயர் எடுத்தது. ஆனால் இரண்டே கதவு. பின்னால் உட்காரப் போகிற மாமியார் முன் சீட்டை மடக்கி ஏற வேண்டும். அடுத்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி மாருதி 800 வந்தது, நான்கு கதவோடு. அப்புறம்தான் இவர்கள் கதவு கூட்டி மான்டானா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரும்பில் இதைச் செய்ய பிரஸ்ஸுக்குப் புது அச்சுகள் வேண்டும், கோடிக்கணக்கில் போகும். ஃபைபரில் மோல்டை மாற்றினால் போதும். கீழே தனியாக இரும்புச் சேஸிஸ் சுமையைத் தாங்கியதால் பாடியில் கதவு கூடுவது அத்தனை ஆபத்தாக இல்லை.

இதைக் கேட்டு யாரும் வீட்டுக் காரில் கத்தி வைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட, என்று வந்தது. பந்தயத் தடத்துக்கும் கண்காட்சிக்கும் மட்டும் என்றால் பேச்சு வேறு.

அப்படி ஒரு வண்டி கட்டுகிறவர்கள் முதலில் பிளைவுட்டில் வெறும் தரையும் சீட்டுமாக ஒரு மாதிரி செய்துகொள்ளட்டும். ஓட்டப் போகிறவரே செருப்போடு, ஹெல்மெட்டோடு அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் இருக்கட்டும். பெடல் எங்கே வரும் என்று அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, கிரைண்டரை அதற்கப்புறம் எடுக்கலாம்.