தொலைபேசி இணைப்பும் தோட்டத்துக் குடும்பமும்

ஒரு காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி என்றால், அது அலுவலகத்தில் கிராணியார் மேசைமேல் இருக்கும் ஒன்றுதான். உறவினர் வீட்டில் சாவு என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் செய்தி அங்கு வந்து சேர்ந்து, பிறகுதான் ஆள் மூலம் லயத்துக்கு வரும். இன்று அதே லயத்தில் வீட்டுக்கு வீடு கைப்பேசி ஒலிக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது, இதில் நமக்கு இன்னும் வந்து சேராதது எது என்பதை இன்று பார்ப்போம்.

மலேசியாவில் கைப்பேசியின் முன்னோடியான சேவை 1985-ஆம் ஆண்டில் தொடங்கியது. கருவி கனமானது, பெரும்பாலும் காரில் பொருத்தப்பட்டது. வசதி படைத்தவர்களுக்கே அது எட்டியது. 1995-இல் டிஜிட்டல் முறைச் சேவை வந்தது. பின்னர், முன்பணம் செலுத்திப் பேசும் அட்டைகள் பரவின. 2000-ஆம் ஆண்டில் கைப்பேசி இணைப்புகளின் எண்ணிக்கை, கம்பித் தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கையை முந்திவிட்டது.

இத்தனை விரைவுக்குக் காரணம் என்ன? கம்பித் தொலைபேசிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே கம்பி இழுக்கவேண்டும். கைப்பேசிக்கோ ஒரு கோபுரம் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பயன்படும். மேலும், முன்பண அட்டைக்கு மாதக் கட்டணச் சீட்டு வராது. கையில் உள்ள வெள்ளிக்கு ஏற்பப் பேசலாம். தோட்டத் தொழிலாளிக்கு இது மிகவும் பொருந்தியது.

2010-ஆம் ஆண்டுக்குள், நூறு பேருக்கு நூறுக்கும் அதிகமான கைப்பேசி இணைப்புகள் என்ற நிலை வந்துவிட்டது. இந்த எண்ணை நாம் கவனமாகப் படிக்கவேண்டும். இங்கே எண்ணப்படுபவை சிம் அட்டைகள். ஆட்களின் தலைகள் அல்ல. ஒருவர் இரண்டு அட்டை வைத்திருந்தால் இரண்டு என்றே கணக்காகும். ஆகவே, நூற்றைத் தாண்டிய கணக்குக்குள்ளேயே கைப்பேசி இல்லாதவரும் இருக்கலாம். ஒரே கைப்பேசியை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் குடும்பமும் இருக்கலாம்.

அடுத்து அகண்ட அலைவரிசை இணையம். பழைய செப்புக் கம்பியில் வரும் இணையம், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வலுவிழக்கும். சில கிலோமீட்டருக்கு அப்பால் அது பயன்படாது. 2010-இல் அறிமுகமான கண்ணாடி இழைக் கம்பியில் இக்குறை பெரும்பாலும் இல்லை. ஆனால் அதை இழுக்கும் நிறுவனம், ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு எத்தனை வீடுகள் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறது. பட்டணத்துத் தெருவில் நூறு வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நம் லயமோ பெருஞ்சாலையிலிருந்து செம்பனைக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நிலமும் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது; அதன் அனுமதி இல்லாமல் அங்கே கம்பமோ கோபுரமோ எழாது.

இதன் விளைவை 2020-இல் கண்கூடாகக் கண்டோம். நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் இணையத்துக்கு மாறியது. கல்வி அமைச்சு அவ்வாண்டு நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 36.9 மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. சபா மாநிலத்தில் ஒரு மாணவி, அலைவரிசை தேடி மரத்தின்மேல் தங்கித் தேர்வு எழுதியது நாடறிந்த செய்தி. வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி, அதைத் தந்தை வேலைக்கு எடுத்துப் போகிறார், படிக்கவேண்டிய பிள்ளைகள் மூவர் என்றால், அந்த மூவருக்கும் எந்த நேரம் பள்ளி நேரம்?

இனி நாம் செய்யக்கூடியதைப் பார்ப்போம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விதிப்படி கணக்கிட்ட தங்கள் நிகர வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கை ஒரு பொது நிதிக்குச் செலுத்தவேண்டும். வசதி எட்டாத இடங்களுக்கு அதைக் கொண்டு சேர்ப்பதற்கே அந்த நிதி. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதை நிர்வகிக்கிறது. எனவே, நம் தோட்டத்துக்கு இணைப்புக் கேட்பது பிச்சை அன்று. நமக்கென வைத்த பங்கைக் கேட்பதுதான்.

கேட்பதற்கும் முறை உண்டு. ஒருவராகப் புகார் சொன்னால் எளிதில் மறந்துபோகும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து, லயத்தில் எத்தனை வீடுகள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எந்த இடத்தில் அலைவரிசை கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று பட்டியல் எழுதவேண்டும். ஒரு படியைத் தோட்ட நிர்வாகத்துக்கும் மற்றொன்றை ஆணையத்துக்கும் அனுப்பி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மேலும் ஒன்று. பட்டணத்துக் கடையில் நன்றாகச் செயல்படும் சிம் அட்டை நம் வீட்டில் ஊமையாகிவிடலாம். எந்த நிறுவனத்தின் அலைவரிசை லயத்தில் கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே வாங்குங்கள். மூன்றாம் தலைமுறைச் சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே, அதை மட்டுமே நம்பிய பழைய கருவியை மலிவாகக் கிடைக்கிறதென்று பிள்ளையின் படிப்புக்கு வாங்கவேண்டாம்.

நாட்டின் கணக்கில் இணைப்புகள் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சிதான். கடைசி லயத்துக் கடைசி வீட்டுப் பிள்ளையும் தன் பாடத்தைத் தன் வீட்டிலேயே இருந்து படிக்கும் நாளில் அந்தக் கணக்கு நிறைவுபெறும். அதற்கான பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம்.