ஒரு லட்சம் ரூபாயும் ஒரு பழைய ஸ்விஃப்ட்டும்: டிராக் டேக்குப் போற வீட்டு காருக்கு என்ன சஸ்பென்ஷன்?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். பல்லாவரத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தார். "பழைய ஸ்விஃப்ட், 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஆபீஸுக்கும் அதுதான், அப்பா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதும் அதுதான். வருஷத்துக்கு மூணு நாலு தடவை இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே. கையில ஒரு லட்சம் இருக்கு. காயில்ஓவர் போட்டுடலாமா ப்ரோ?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன்: இப்போதைக்கு வேண்டாம். காயில்ஓவர் நல்ல பொருள்தான். ஆனா வரிசையில அது அஞ்சாவது இடத்துல இருக்கு, முதல் நாலும் அதைவிடக் குறைஞ்ச செலவுல முடியும். ஏன்னு பார்ப்போம்.

ரெண்டு ரோடு, ஒரே கார்

நம்ம ஊர்ல டிராக்னா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக்தான். அதுக்கு முன்னாடி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். இப்போ பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கடிகாரம் சுத்துற திசையில ஓட்டுற டிராக். அதனால வலது திருப்பங்கள்தான் அதிகம், இடது பக்க டயர், குறிப்பா முன் இடது டயர்தான் அதிகமா அடி வாங்கும்.

ரேஸ் கார் அங்க டிரக்ல வந்து இறங்கும். நம்ம கார் குரோம்பேட்டையில இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல கிளம்பி, வண்டலூர்ல அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நசரத்பேட்டையில பெங்களூர் ஹைவே பிடிச்சு, தன் சொந்தக் கால்லதான் போகணும். சாயங்காலம் அதே கால்லதான் திரும்பணும். திங்கட்கிழமை காலையில அஸ்தினாபுரம் பக்கம் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர், குழாய் போடத் தோண்டி அரைகுறையா மூடின பள்ளம், எல்லாத்தையும் அதே ஷாக் அப்சார்பர்தான் தாங்கணும். இதை மறந்துட்டு வாங்குற சஸ்பென்ஷன் ரெண்டு இடத்துக்குமே சரிப்படாது.

தாழ்த்தினா எவ்வளவு லாபம்?

'காரை இறக்கினா கார்னர்ல ஒட்டிக்கும்'னு எல்லாரும் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுறவரோட சேர்த்து கார் எடை 1,100 கிலோ. எடையின் மையம் தரையில இருந்து 55 சென்டிமீட்டர். இடது வலது டயருக்கு நடுவுல 1.5 மீட்டர். திருப்பத்துல 0.9 ஜி விசை. அப்போ உள்பக்க டயர்ல இருந்து வெளிப்பக்க டயருக்கு மாறுற எடை:

1,100 × 0.9 × 0.55 ÷ 1.5 = 363 கிலோ.

இப்போ காரை 30 மில்லிமீட்டர் இறக்குங்க. 0.55 இருந்த இடத்துல 0.52 போடுங்க. விடை 343 கிலோ. வித்தியாசம் 20 கிலோ, அதாவது அஞ்சரை சதவீதம். லாபம் இல்லாம இல்லை. ஆனா அதுக்கு நாம கொடுக்குற விலை என்ன?

முதல் விலை, ஷாக் மேலயும் கீழயும் போய்வர்ற இடம். 30 மில்லிமீட்டர் இறக்கினா, மேல போறதுக்கு இருந்த இடத்துல 30 மில்லிமீட்டர் காலி. ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப்ல போய் உட்காரும். அந்தக் கணத்துல உங்க ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இருக்காது, கல்லா மாறிடும். அது திருப்பத்துக்கு நடுவுல நடந்தா முன் டயர் சட்டுனு பிடியை விட்டுரும்.

ரெண்டாவது விலை கண்ணுக்குத் தெரியாது. நம்ம சின்ன கார்கள்ல பெரும்பாலும் முன்னாடி மெக்பர்சன் ஸ்ட்ரட்தான். காரை ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாஞ்சுடும். அப்போ ரோல் சென்டர்னு சொல்ற, கார் எதைச் சுத்திச் சாயுதோ அந்தப் புள்ளி, எடையின் மையத்தைவிட அதிகமா கீழ போயிடும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடினா கார் சாயணும்ங்கிற போக்கும் கூடும். சாய்றதைக் குறைக்க இறக்கின கார், அந்தக் கணக்குல பார்த்தா இன்னும் சாயப் பார்க்குது.

ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அடக்கும்

ஸ்பிரிங்கோட வேலை எடையைத் தாங்குறது. ஷாக்கோட வேலை அந்த ஸ்பிரிங் துள்ளுறதை அடக்குறது. ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினா, அதே அளவு கட்டுப்பாடு வேணும்னா ஷாக்கோட பலமும் சுமார் 14 சதவீதம் கூடணும். 1.3-க்கு வர்க்கமூலம் போட்டுப் பாருங்க, 1.14 வரும்.

இப்போ நம்ம நேயரோட காருக்கு வருவோம். 70,000 கிலோமீட்டர் ஓடின ஷாக், புதுசுல இருந்த பலத்தோட இருக்க வாய்ப்பு கம்மி. அது மேல கடினமான லோயரிங் ஸ்பிரிங் மாட்டினா, தேவை கூடுது, கையிருப்பு குறையுது. டிராக்ல பிரேக் போட்டுக்கிட்டே ஒரு சின்ன மேடு தாண்டினா டயர் பந்து மாதிரி துள்ளும். தரையில இல்லாத டயர் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் திரும்பாது. வேகமான இடத்துல இது உயிர் விஷயம். அதனால பழைய ஷாக்ல வெறும் ஸ்பிரிங் மட்டும் மாத்துறதை மட்டும் பண்ணவே பண்ணாதீங்க.

என் வரிசை

ஒண்ணு, பிரேக் ஆயில். சஸ்பென்ஷன் எபிசோடுல இது எதுக்குன்னு கேட்பீங்க. நிக்காத காருக்கு எந்த சஸ்பென்ஷனும் உதவாது. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிடுது. நம்ம கடற்கரை ஊர்ல ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டிராக் டேக்கு முன்னாடி புது ஆயில், நல்ல பேட்.

ரெண்டு, இருக்குறதைச் சரி பண்ணுங்க. லிஃப்ட்ல ஏத்தி ஷாக்ல எண்ணெய்க் கசிவு, மேல இருக்குற மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு எல்லாத்தையும் பாருங்க. தேஞ்ச புஷ் இருந்தா நீங்க வைக்கிற அலைன்மென்ட் ஓடும்போது நிக்காது. கம்பெனி அளவுல புது ஷாக் போட்டாலே பல கார் புதுப் பிறவி எடுக்கும்.

மூணு, டயர். கார் ரோட்டைத் தொடுற இடம் நாலு உள்ளங்கை அளவுதான். அங்க செலவு பண்ற ரூபாய் எல்லாத் திருப்பத்துலயும் திரும்பி வரும். டிராக்ல சூடாக ஆகக் காத்தழுத்தம் ஏறும். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் சூட்டோட அளந்து, ஏறினதைக் குறைங்க. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டயர் ஆறினதும் பழைய அளவுக்கு நிரப்புங்க. இதைப் பாதிப் பேர் மறந்துடறாங்க.

நாலு, கேம்பர். மெக்பர்சன் கார் திருப்பத்துல சாயும்போது வெளிப்பக்க டயரோட விளிம்புதான் தரையைத் தேய்க்கும். டிராக் முடிஞ்சு முன் இடது டயரைப் பாருங்க, வெளி ஓரம் மட்டும் உரிஞ்சிருக்கும். டயரோட மேல்பக்கத்தை ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி உள்ள சாய்ச்சு வெச்சா அது சரியாகும். ஸ்விஃப்ட் மாதிரி ரெண்டு போல்ட்ல ஸ்ட்ரட் மாட்டுற கார்ல இதுக்குக் கேம்பர் போல்ட் போதும். போலோல ஸ்ட்ரட் ஒரு வளையத்துக்குள்ள சொருகி இறுக்குற அமைப்பு, அங்க இந்த வழி நடக்காது, மேல கேம்பர் பிளேட் போடணும். கேம்பர் மாத்தினா டோ கண்டிப்பா மறுபடி வைக்கணும். இல்லைன்னா ஜி.எஸ்.டி. ரோட்டுலயே டயர் தேஞ்சு போகும்.

அஞ்சு, இப்போதான் ஷாக்கும் ஸ்பிரிங்கும், ஜோடியா. உயரம் மாத்தாம கட்டுப்பாடு மட்டும் வேணும்னா பில்ஸ்டீன் பி6 மாதிரி ஷாக். இறக்கத்தான் வேணும்னா அதுக்குன்னே குட்டையா செஞ்ச பி8 மாதிரி. காயில்ஓவர்னா விக்கிறவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஸ்பிரிங் கடினம் எத்தனை? இந்த உயரத்துல பம்ப் ஸ்டாப் வரைக்கும் எவ்வளவு இடம்? சீல் போனா இங்க யாராவது பிரிச்சு ரிப்பேர் பண்ணுவாங்களா? பதில் வரலைன்னா பர்ஸை உள்ள வைங்க.

கடைசியா பின் ஆன்டி ரோல் பார். முன் சக்கரம் இழுக்குற கார் திரும்ப மறுக்குறதை அது குறைக்கும். ஆனா ஐப்பசி மழையில, திருப்பத்துல பயந்து ஆக்சிலரேட்டரை விட்டா பின்பக்கம் வழுக்கிட்டு வரும். அம்மா ஓட்டுற கார்ல அது வேண்டாம்.

பேப்பர் விஷயம்

ரெண்டே வரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில ஒரு கேரள வழக்குல உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி பண்ணுச்சு. சாதாரண கார் இன்ஷூரன்ஸ்ல ரேஸும் வேகச் சோதனையும் விலக்கு. டிராக்ல இடிச்சா பில் உங்க பேர்லதான்னு நெனச்சு பட்ஜெட்ல ஒரு பங்கை எடுத்து வைங்க.

பல்லாவரம் நண்பருக்கு: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. கோட்ல அஞ்சு இடத்தை ஒண்ணா மாத்தினா எது பக்னு தெரியாதே, அதே கதைதான். பிரேக் ஆயில், புஷ், டயர், கேம்பர் முடிச்சுட்டு ஒரு டிராக் டே போங்க. லேப் டைம், டயர் அழுத்தம், டயர் தேய்மானம் எழுதி வைங்க. அதுக்கப்புறமும் கார் போதலைன்னு தோணினா, மிச்சப் பணம் கையில இருக்கும், எதுக்கு செலவு பண்ணணும்னும் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த எபிசோட் பிரேக் பேட் பத்தி. பத்திரமா ஓட்டுங்க மக்களே.